150 ஏஎச் சி10 சோலார் டியூபுலர் பேட்டரி: நம் வெயிலில் எத்தனை வருடம் ஓடும்?

மின்கம்பம் போகாத தோட்டத்து வீட்டுக்குச் சோலார் போடக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது, முழங்கால் உயரத்துக்கு நிற்கும் 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) டால் டியூபுலர் பேட்டரிதான். எக்ஸைட், லூமினஸ், ஒக்காயா, லிவ்கார்ட் என்று மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே சங்கதி ஒன்றுதான்: ஆறு செல், குழாய்க்குள் அடைத்த ஈய பாசிட்டிவ் தகடு, நீர்த்த கந்தக அமிலம். அதனால் தனியாக ஒரு பிராண்டை எடுத்துக்கொள்ளாமல் இந்த வகைப் பேட்டரியையே இங்கே அலசலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொருள் நல்ல பொருள். ஒழுங்காக வைத்தால் ஐந்தாறு வருடம் உழைக்கும். ஆனால் தகரக் கொட்டகையில் வைத்து, பேட்டரிக்குப் பொருந்தாத சின்னப் பேனலை மாட்டினால் இரண்டரை வருடத்தில் படுத்துவிடும். அப்போது பழி பிராண்டின் மேல் விழும். ஆயுளுக்கு உச்சவரம்பு போடுவது வெப்பம். அந்த வரம்பு வரைக்கும் போய்ச் சேர விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பேனல். கூடுதல் ஏஎச் வாங்கி இந்த இரண்டையும் ஈடுகட்டிவிடலாம் என்பது வீண் செலவு. ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

லேபிளில் என்ன பார்க்க வேண்டும்

150 ஏஎச் என்ற பெரிய எழுத்துக்குப் பக்கத்தில் சி10 என்றோ சி20 என்றோ இருக்கும். சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் எடுக்கலாம். முடியும்போது வோல்டேஜ் 10.8. சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம், முடியும்போது 10.5. மெதுவாக எடுத்தால் ஈயப் பேட்டரி அதிகம் கொடுக்கும் என்பதால் சி20-இல் 150 என்று எழுதியதைப் பத்து மணி நேரத்தில் காலி செய்தால் 120, 125 அளவுக்குத்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டருக்கு விற்கும் சி20 பேட்டரியையே "சோலாருக்கும் இதுதான் சார்" என்று தள்ளிவிடுவது சகஜம். விலை குறைவாகச் சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

அடுத்தது எடை. அமிலத்தோடு சேர்த்து 50 முதல் 60 கிலோ வரை வரும். ஒரே ஏஎச், ஒரே சி10 எழுதிய இரண்டு பேட்டரிகளில் கனமானதில் ஈயம் அதிகம். நாம் காசு கொடுப்பது ஈயத்துக்குத்தான். விளம்பரத் தாளில் எடை போட்டிருக்கும். போடாதவற்றைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, தயாரித்த மாதம். ஈயப் பேட்டரி சும்மா இருந்தாலும் 27 டிகிரியில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் சார்ஜ் இறங்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். கோடை முழுக்கக் கடைக் குடோனில் சார்ஜ் ஏற்றாமல் கிடந்தது என்றால், தகட்டில் சல்பேட் (சார்ஜ் இறங்கும்போது உருவாகும் ஈய உப்பு) படிந்த பேட்டரியைத்தான் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் ஃபுல் சார்ஜ் செய்து, ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) விட்டுக் காட்டச் சொல்லுங்கள். 27 டிகிரியில் 1.240-ஐ ஒட்டி இருக்க வேண்டும். செல்லுக்குச் செல் 0.030 வித்தியாசம் வந்தால் அந்தப் பேட்டரி வேண்டாம்.

அந்த 27 டிகிரி என்ற எண்தான் நம் கதையின் மையம். இந்தியாவில் விற்கும் இந்த வகைப் பேட்டரியின் ஏஎச், ஆயுள் எல்லாம் 27 டிகிரியை வைத்துச் சொன்னவை.

வெப்பம்

ஈயப் பேட்டரிக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: எட்டிலிருந்து பத்து டிகிரி ஏறும் ஒவ்வொரு முறையும் ஆயுள் பாதியாகும். பத்து டிகிரி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 27 டிகிரியில் ஆறு வருடம் ஓடுவது, 35 டிகிரியில் மூன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். 42 டிகிரியில் இரண்டு வருடம் தாண்டுவதே பெரிது. பாசிட்டிவ் தகட்டின் உள்ளே இருக்கும் ஈய முள் அரிப்பது, தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போவது, தானாகச் சார்ஜ் இறங்குவது மூன்றும் வேதிவினைகள். சூட்டில் மூன்றுமே வேகம் பிடிக்கும். முள் அரித்த பிறகு எந்த ரிப்பேரும் பலிக்காது. "ஆசிட் மாத்தித் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்" என்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம்.

இங்கே சராசரி வெப்பம் ஏமாற்றும். ஆறு மாதம் 27, ஆறு மாதம் 42 என்று வைத்தால் சராசரி 34.5. அந்தச் சராசரிக்குக் கணக்குப் போட்டால் ஆயுள் 3.6 வருடம். உண்மையில் சூடான ஆறு மாதம் மூன்று மடங்கு வேகத்தில் தின்பதால் ஆயுள் 3.1 வருடத்துக்கு இறங்கும். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கம் கத்திரி வெயிலில் காற்றே 40-ஐத் தாண்டுகிறது. சிமென்ட் ஷீட்டுக்கோ தகரத்துக்கோ கீழே அதற்கும் மேல். அந்த இரண்டு மூன்று மாதத்தைச் சமாளித்தால் வருடம் முழுவதையும் சமாளித்த மாதிரி.

ஒரு ஆறுதல்: 50 கிலோ எடையுள்ள பொருள் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். மதியம் இரண்டு மணிச் சூடு உடனே உள்ளே போய்விடாது. இரவில் காற்றோட்டம் கிடைத்தால் பேட்டரி அன்றைய நாள் சராசரியை ஒட்டி நிற்கும். இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் இரவிலும் ஆறாது. திருட்டுப் பயத்தில் பெட்டி போடுகிறவர்கள் பலர். கம்பிக் கூண்டு போடுங்கள், தகரப் பெட்டி வேண்டாம்.

வைக்கும் இடத்துக்கு நாங்கள் சொல்வது: மேற்குச் சுவர் ஓரம் ஆகவே ஆகாது, வடக்கு அல்லது கிழக்குச் சுவர். சுவருக்கும் பேட்டரிக்கும் நான்கு விரல் இடைவெளி, பேட்டரிக்கும் பேட்டரிக்கும் இரண்டு விரல். தரையை ஒட்டி ஒரு ஜன்னல் அல்லது ஓட்டை, கூரையை ஒட்டி இன்னொன்று. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் தன்மை பெறும். மேல் ஓட்டை அதற்கும் வழி. கூரை ஷீட்டுக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்ட்டோ அடியுங்கள். பேனலுக்கு அடியில் நிழல் இருக்கிறதே என்று அங்கே வைக்காதீர்கள். வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் போகும், அது வீசும் அனல் முழுக்கப் பேட்டரிக்கு. சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது ரப்பர் பெட்டி காலத்துக் கதை, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. ஆனாலும் ஸ்டாண்டு போடலாம், அடியில் காற்று போகும்.

சூட்டில் இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரு டிகிரிக்கு அரை சதவீதம் வீதம் கொள்ளளவு கூடும் என்பதால் மே மாதத்தில் 150 ஏஎச் பேட்டரி 160 போலக் கொடுக்கும். "கோடையில் பேக்கப் சூப்பர்" என்று ஐந்து நட்சத்திரம் போடுவது இதை வைத்துத்தான். உள்ளே முள் அரித்துக்கொண்டிருப்பது டிசம்பரில்தான் தெரியும்.

பேட்டரியின் வெப்பத்தை அளக்க அமில மட்டத்துக்குக் கீழே, பெட்டியின் பக்கவாட்டில் சென்சாரை ஒட்டி மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள். ஹைட்ரோமீட்டர் எண்ணையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்: 27-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டுங்கள். 42 டிகிரியில் 1.230 காட்டினால் அது சரியான 1.240. இது தெரியாமல் ஆசிட் ஊற்றிக் கெடுத்த பேட்டரிகள் ஏராளம். ஆசிட்டை எப்போதும் ஊற்றக் கூடாது, பேட்டரி தண்ணி மட்டும்தான். ஆர்ஓ தண்ணீரும் ஆகாது. அதில் உப்பு முழுவதும் போயிருக்காது.

சார்ஜ் வோல்டேஜையும் வெப்பத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். செல்லுக்கு, டிகிரிக்கு 4 மில்லிவோல்ட் என்று வைத்தால் 12 வோல்ட் பேட்டரிக்கு 27 டிகிரியில் 14.4 வைப்பது 40 டிகிரியில் 14.1 ஆகக் குறைய வேண்டும். குறைக்காவிட்டால் பேட்டரி கொதிக்கும், தண்ணீர் குறையும், அந்தச் சூட்டில் இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். அதே பேட்டரி ஊட்டியில் 15 டிகிரியில் இருந்தால் 14.7 வேண்டும், 14.4-லேயே நிறுத்தினால் எத்தனை நாள் வெயில் அடித்தாலும் நிரம்பாது. ஏடிசி (வெப்பத்துக்கு ஏற்பச் சார்ஜ் வோல்டேஜைத் தானாக மாற்றும் வசதி) இருக்கிறது என்று இன்வெர்ட்டர் அட்டைப் பெட்டியில் போட்டிருந்தால் அந்த சென்சார் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இன்வெர்ட்டருக்குள்ளேயே இருந்தால் அது அளப்பது தன்னுடைய சூட்டை. ஒயரில் இழுத்துப் பேட்டரியில் ஒட்டுகிற சென்சார் உள்ள கன்ட்ரோலர்தான் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி) உருப்படியானது.

அளவு

ஒரு தோட்டத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்இடி நான்கு, ஐந்து மணி நேரம்: 180 வாட் அவர். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, பன்னிரண்டு மணி நேரம்: 720. 50 வாட் டிவி மூன்று மணி நேரம்: 150. போன் சார்ஜ், சில்லறை எல்லாம் 50. ஆக 1,100. இன்வெர்ட்டரில் மாறும்போது பத்து சதவீத இழப்பு சேர்த்தால் 1,220. இதற்கு மேல் எல்லோரும் மறக்கும் ஒன்று: எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று 15 வாட் அளவுக்குத் தின்னும். 24 மணி நேரத்துக்கு 360. நான்கு பல்பும் சேர்ந்து எடுப்பதைப்போல இரண்டு மடங்கு! மொத்தம் 1,600 என்று வைக்கலாம். இதில் 1,200 இரவில், பேட்டரியிலிருந்து. (பழைய 75 வாட் ஃபேனே இருந்தால் ஃபேனுக்கு மட்டும் 1,800. முதலில் ஃபேனை மாற்றுங்கள், பேட்டரிக் கடைக்கு அப்புறம் போகலாம்.)

ஒரே ஒரு 150 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் அவர். தினமும் 67 சதவீதம் காலியாகும். ஒரு நாள் மூட்டம் போட்டாலே கட் ஆஃப். இது போதாது.

இரண்டு பேட்டரியை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கினால் 3,600. தினமும் மூன்றில் ஒரு பங்கு காலியாகும். மறுநாள் வெயிலே இல்லாவிட்டாலும் முதல் இரவின் 33-உம் மறுநாள் முழுச் செலவின் 44-உம் சேர்ந்து 77 சதவீதம் காலியாகி நிற்கும். மூன்றாம் நாள்தான் சிக்கல். நம் கணக்கில் இதுதான் சரியான அளவு.

"நாலா போட்டுடுங்க, லைஃப் டபுளாகும்" என்பார் கடைக்காரர். விளம்பரத் தாளையே பார்ப்போம். இந்த வகைக்குப் பொதுவாகப் போடுவது 80 சதவீதம் காலி செய்தால் 1,500 சுற்று (ஒருமுறை காலியாகி மறுபடி நிரம்புவது ஒரு சுற்று), 50 சதவீதத்துக்கு 3,000, 20 சதவீதத்துக்கு 5,000. மூன்றில் ஒரு பங்குக்கு 4,000 சுற்று வரும். தினம் ஒன்று வீதம் பதினோரு வருடம். ஆனால் வெப்பம் போட்ட உச்சவரம்பு ஐந்தாறு வருடம்தானே? பதினோரு வருடச் சுற்றில் பாதிகூட முடிவதற்குள் முள் அரித்துப் போயிருக்கும். நாலாக்கினால் சுற்றுக் கணக்கு இன்னும் ஏறும், ஆயுள் ஒரு மாதம்கூட ஏறாது. அந்த இரண்டு கூடுதல் பேட்டரியும் வேலை செய்யாமலே கிழடாகும்.

பேட்டரி அதிகமானால் இன்னொரு கெடுதலும் வரும், அது இன்னும் மோசமானது. பேனல் அதே அளவில் இருந்துவிட்டால் பேட்டரி என்றைக்குமே முழுசாக நிரம்பாது. ஈயப் பேட்டரியின் கடைசி 20 சதவீதம் நாம் நினைத்த வேகத்தில் ஏறாது; 14.4-ஐத் தொட்ட பிறகு மூன்று நான்கு மணி நேரம் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். அப்படியென்றால் நண்பகலுக்குள் 14.4-ஐத் தொட்டாக வேண்டும், இல்லையென்றால் சூரியன் முந்திக்கொள்ளும். தினமும் 85 சதவீதத்தில் நின்றால் மீதிச் சல்பேட் கெட்டித்து அப்படியே தங்கும். போதாததற்கு, உயரமான டியூபுலரில் கனமான அமிலம் அடியில் இறங்கி மேலே நீர்த்ததாக நிற்கும். நன்றாகக் குமிழி விடும் வரை சார்ஜ் ஆனால்தான் கலங்கும். உயரம் அதிகமான பேட்டரிக்கு இது அதிகம் தேவை என்பதை டால் டியூபுலர் விற்கிற யாரும் சொல்வதில்லை.

பேனலை எந்த மாதத்துக்குக் கணக்குப் போடுவது? மே மாதத்துக்கு அல்ல. கடலோர, டெல்டா மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நேரத்தில் நாளொன்றுக்குக் கிடைக்கும் முழு வெயில் நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான். 1,600 வாட் அவருக்குப் பேனல் சூடு, ஒயர், பேட்டரி இழப்பெல்லாம் சேர்த்து 0.75-ஆல் வகுத்தால் 2,130. நான்கு மணி நேரத்தால் வகுத்தால் 530 வாட். ஒரே ஒரு 540 வாட் பேனல் போதும் என்று தோன்றும். போதும், அன்றாடம் செலவழிப்பதற்கு. இரண்டு நாள் மூட்டத்தில் இழந்ததை மீட்க அதில் ஒன்றும் மிஞ்சாது. டிசம்பர் முடியும் வரை பேட்டரி பாதிப் பட்டினியில் கிடக்கும்.

இரண்டு 540 வாட் போட்டால் அதே நவம்பரில் நாளொன்றுக்கு 3,240 வரும். செலவு போக 1,640 மிச்சம். இரண்டு நாள் இழப்பு இரண்டு நாளில் மீளும். வெயில் காலத்தில் பேனல் வீணாகுமே என்பார்கள். ஆகட்டும். பேனல் 25 வருடம் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் பொருள், பேட்டரி ஐந்து வருடத்தில் தூக்கிப்போடும் பொருள். எதில் தாராளம் காட்டுவது என்பதில் எங்களுக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. 1,080 வாட் பேனல் நல்ல வெயிலில் 24 வோல்ட்டுக்கு 32 ஆம்பியர் தள்ளும். 150 ஏஎச்-க்கு அது 21 சதவீதம், அதிகம். பத்து சதவீதம் உகந்தது, 15 வரை போகலாம். கன்ட்ரோலரில் சார்ஜ் கரண்ட்டை 20, 22 ஆம்பியரில் வரம்பு கட்டுங்கள். வரம்பு கட்ட வசதி இல்லாத கன்ட்ரோலர் இந்த அமைப்புக்கு ஆகாது.

கன்ட்ரோலர் விஷயத்தில் ஏமாறுவது சுலபம். 540 வாட் பேனலின் இயங்கு வோல்டேஜ் 41, கரண்ட் 13 ஆம்பியர். விலை மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துவிடும். கரண்ட் மட்டும் அப்படியே வரும். 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 13 ஆம்பியர், 13.5 வோல்ட்: 175 வாட். மீதி 365 வாட் கூரையிலேயே சூடாகப் போகிறது. 24 வோல்ட்டில் மாட்டினால் 350. எம்பிபிடி கன்ட்ரோலர்தான் இந்த வோல்டேஜ் வித்தியாசத்தைக் கரண்ட்டாக மாற்றும். இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் திறந்த வோல்டேஜ் (எதுவும் மாட்டாதபோது காட்டும் வோல்டேஜ்) 100-ஐ ஒட்டும், குளிர்ந்த காலையில் இன்னும் ஏறும். 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் வேண்டும். பழைய 60 செல் பேனல் ஒன்றைப் பிடபிள்யூஎம்மோடு 24 வோல்ட் பேட்டரிக்கு மாட்டுவது சுத்தமாக உதவாது: லேபிளில் 31 வோல்ட் என்றிருந்தாலும் 65 டிகிரியில் 26-க்கு இறங்கும், பேட்டரிக்குத் தேவை 28.8.

பேனலிலிருந்து எல்லாம் சரியாக வந்தும் பேட்டரி நிரம்பவில்லை என்றால் கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள ஒயரைப் பாருங்கள். 3 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லி ஒயர் போட்டால் 20 ஆம்பியரில் அரை வோல்ட் போய்விடும். கன்ட்ரோலர் 28.8 காட்டும், பேட்டரியில் 28.3 நிற்கும். 10 சதுர மில்லி போட்டால் கால் வோல்ட்டுக்குள் அடங்கும். 16 போட்டால் கவலையே இல்லை.

இன்வெர்ட்டரின் கட் ஆஃப்

சாதாரண இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்கு 10.5 வோல்ட்டில் அணையும்படி வரும். பளு அதிகமாக இருக்கும்போது அது பரவாயில்லை. ஆனால் நம் தோட்டத்து வீட்டில் இரவு முழுக்க ஓடுவது இரண்டு ஃபேன். 24 வோல்ட்டில் 3, 4 ஆம்பியர்தான். இவ்வளவு மெதுவாக எடுக்கும்போது 10.5-ஐத் தொடும் நேரத்தில் பேட்டரியில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சியிருக்காது. சின்னப் பளுவுக்குக் கட் ஆஃப் உயரமாக இருக்க வேண்டும் என்பது கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் உண்மை. பேட்டரிக்கு 11.6 அல்லது 11.7, அதாவது 24 வோல்ட்டுக்கு 23.3 அளவில் வைக்க முடிகிற இன்வெர்ட்டரை வாங்குங்கள். முடியாவிட்டால் தனியாக வோல்டேஜ் கட் ஆஃப் ரிலே ஒன்று போடலாம்.

24 வோல்ட் வரிசையில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் பல்புக்கு ஒயர் இழுப்பது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பேட்டரி எப்போதும் குறைவாகவும், மற்றது எப்போதும் அதிகமாகவும் சார்ஜ் ஆகி, ஒரே வருடத்தில் இரண்டும் கெடும். பழையதோடு புதியதைச் சேர்ப்பதும் இதே கதிதான்.

மாதம் ஒருமுறை சமன் சார்ஜ் (எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கூடுதல் சார்ஜ்): பேட்டரிக்கு 15 முதல் 15.5 வோல்ட்டில் இரண்டு மூன்று மணி நேரம். அமிலம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தால் அன்று வேண்டாம். கோடையில் முன்னிரவு மழை பெய்து குளிர்ந்த நாளாகப் பாருங்கள். தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். மிதவை பச்சையில் நிற்கிறது என்றால் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். சார்ஜைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்றுப் பகுதியில் டெர்மினலுக்கு வாசலின் தடவாமல் விட்டால் பச்சை பூத்து, முன்பு சொன்ன அரை வோல்ட் இழப்பு அங்கேயே வரும்.

லித்தியம் வாங்கினால்?

எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் இதற்கு நேர்ப் போட்டி. 25.6 வோல்ட் 100 ஏஎச் என்றால் 2,560 வாட் அவர். நம் வீட்டின் 1,200-க்குத் தினமும் 47 சதவீதம், தாராளமாகப் போதும். ஈயத்தில் உள்ளே போட்டதில் 80 சதவீதம் அளவுக்குத் திரும்பி வரும், இதில் 95. எங்கள் பார்வையில் பெரிய லாபம் அது அல்ல: பாதி நிரம்பியே கிடந்தாலும் இது கெடாது. கார்த்திகை மாத மூட்டத்தில் பேனல் கொஞ்சம் போதாமல் போனாலும் சல்பேட் பயம் இல்லை. எப்போதாவது ஒருமுறை முழுசாக நிரம்பினால் செல்கள் சமமாகிவிடும்.

ஆனால் வெயிலிலிருந்து தப்பிக்க லித்தியம் வாங்குகிறேன் என்பவர்களுக்கு: தப்பிக்க முடியாது. அதன் சுற்றுக் கணக்கு 25 டிகிரிக்கு. சூட்டில் அதுவும் வேகமாக வயதாகும், அதுவும் 100 சதவீதம் நிரம்பிச் சூட்டில் நின்றால் இன்னும் வேகமாக. தகரக் கொட்டகையில் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்னணுச் சுற்று) மதியத்தில் சார்ஜை நிறுத்திவிடும். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் சார்ஜ் ஏறவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். 12.8 வோல்ட் பேட்டரிக்கு 14.4-க்குப் பதில் 14.0, 14.2-இல் நிறுத்தி, ஃப்ளோட்டை (நிரம்பிய பிறகு பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 13.5-க்குள் வைப்பது நல்லது. ஈயத்துக்கான பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டினால் சமன் சார்ஜ் வரும்போது பிஎம்எஸ் துண்டிக்கும். பேனல் ஓடும்போது பேட்டரி திடீரென்று கழன்றால் வோல்டேஜ் எகிறி இன்வெர்ட்டர் போர்டு போகக்கூடும். லித்தியம் மோடு இருக்கிற இன்வெர்ட்டரையும் சேர்த்தே விலை போட்டுப் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உறைபனிக் காலையில் வெளியே வைத்த லித்தியத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கீழ் சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். அங்கே வீட்டுக்குள் வையுங்கள்.

யாருக்கு எது

ஓட்டு வீடு, காற்றோட்டமான அறை, மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க ஆள், தாராளமான பேனல்: டியூபுலர் வாங்கலாம், ஐந்து வருடம் நிச்சயம் எதிர்பார்க்கலாம். கடையைப் பொறுத்து ஒன்று 15,000 முதல் 20,000 ரூபாய் வரை. ஆள் இல்லாத தோட்டம், பேனலுக்கு இடம் இல்லாத கூரை: லித்தியம். ஷீட்டுக்குக் கீழே இரும்புப் பெட்டிதான் ஒரே வழி என்றால் இரண்டையும் வாங்குவதற்கு முன் ஒரு சின்ன நிழல் அறை கட்டுங்கள். அந்தச் செங்கல் செலவு இரண்டாவது பேட்டரிச் செட்டின் விலையைவிடக் குறைவு.

வாரண்டியில் 36+24 என்று போட்டிருந்தால் முதல் 36 மாதம் மட்டுமே இலவச மாற்று. அடுத்த 24 மாதத்தில் விலையில் ஒரு குறிப்பிட்ட பங்கைக் கழிவாகக் கொடுப்பார்கள், அதுவும் அன்றைய எம்ஆர்பியில். கடையில் தள்ளுபடி விலையில் புதிதாகவே வாங்கினால் ஏறக்குறைய அதே தொகைதான் வரும். ஆகவே 60 மாதம் என்று நினைத்து விலையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள். முத்திரை போட்ட வாரண்டி அட்டை, சீரியல் எண் எழுதிய பில், மாதாமாதம் ஆறு செல்லின் ஹைட்ரோமீட்டர் எண் குறித்த ஒரு நோட்டு மூன்றும் இருந்தால் 34-ஆம் மாதத்தில் சர்வீஸ் ஆள் "நீங்க தண்ணி ஊத்தல" என்று தட்டிக்கழிக்க முடியாது. பழைய பேட்டரியை ஆசிட்டோடு அப்படியே கடையில் கொடுத்து எடைக்குக் கழிவு வாங்குங்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.